தம்பிக்குப் போட்ட இலை

தீபாவளிக்கு முதல் நாள் மதியம் செசிலியா கிள்ளான் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்துக்குள் காரைத் திருப்பினாள். பின் இருக்கையில் ஒரு டின் வெள்ளைச் சாயம், பிரஷ், புல் வெட்டும் கத்தி எல்லாம் கிடந்தன. சனிக்கிழமை கல்லறைத் திருநாள். அன்றைக்கு ஃபாதர் வரிசை வரிசையாக நடந்து ஒவ்வொரு கல்லறைக்கும் தீர்த்தம் தெளிப்பார். அதற்குள் கணவனின் சிலுவைக்குச் சாயம் அடித்து, மண்மேட்டில் முளைத்த புல்லையும் பிடுங்கிவிட வேண்டும் என்று அரை நாள் லீவு எடுத்திருந்தாள்.

அவள் வேலை பார்த்த பல் கிளினிக்கில் டாக்டர் முகப்பு மேசையில் காகிதப் பூசணிக்காய் ஒன்றையும் அகல்விளக்குப் படம் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தார். பூசணிக்காய் வெள்ளைக்காரர்களின் பேய்த் திருநாளுக்கு. விளக்கு தீபாவளிக்கு. இந்த வருஷம் இரண்டும் ஒரே நாளில் விழுந்திருந்தன. அன்று காலை வந்தவர்கள் எல்லாம் அவளைப் பார்த்து "ஹேப்பி தீபாவளி ஆன்டி" என்றார்கள். தனக்குத் தீபாவளி கிடையாது என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்து, கடைசியில் தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கிளம்பினாள்.

கணவர் கமலநாதன் இறந்தது மார்ச் மாதம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். வேலை முடிந்து இறங்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்தார், அதோடு சரி. பிறந்து வளர்ந்தது கேரி தீவுத் தோட்டத்தில், இந்துக் குடும்பத்தில். செசிலியா பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த கத்தோலிக்கப் பெண். அவளைக் கட்டுவதற்காக அவர் ஞானஸ்நானம் வாங்கி ஜோசப் ஆனார். அந்தக் கல்யாணத்துக்கு அவருடைய அக்கா தனலெட்சுமி வரவில்லை. தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவள். சாவுக்கு வந்தாள். வந்தும் மாதா கோயிலுக்குள் நுழையாமல் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டு, "என் தம்பியப் புழுவுக்குப் போடுறாளே" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். உள்ளே பூசை நடந்துகொண்டிருந்தபோது அந்தச் சத்தம் பீடம் வரைக்கும் கேட்டது. செசிலியா அதை மறக்கவில்லை. மறக்க முயற்சி செய்யவும் இல்லை.

கல்லறைக்குப் பக்கத்தில் வந்ததும் அவளுக்கு முதலில் தெரிந்தது காகங்கள்தான். மண்மேட்டின் நடுவில் வாழையிலை ஒன்று விரித்திருந்தது. சோறு, ஆட்டுக்கறி, பொரித்த மீன், அவித்த முட்டை, அதிரசம். பக்கத்தில் மூடி திறந்த ஸ்டவுட் பீர் டின் ஒன்று, மண்ணில் குத்தி வைத்துப் பாதி எரிந்துபோன சிகரெட் ஒன்று. சூடம் எரிந்த இடத்தில் கரி. சிலுவையின் குறுக்குக் கட்டையில் பட்டையாகத் திருநீறு, நடுவில் பெரிய குங்குமப் பொட்டு. கட்டையைச் சுற்றிச் செவ்வந்தி மாலை.

கல்லறையைப் பார்த்துக்கொள்ளும் அய்யாவு குழாயடியில் வாளி கழுவிக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட்டாள்.

"யாரு அண்ணே இந்த வேலை பாத்தது?"

"ஒங்க நாத்தனார்தான் க்கா. காலையில வந்தாங்க. இங்க சூடம் எல்லாம் கொளுத்தக் கூடாது லான்னு நான் சொன்னேன். 'என் தம்பிக்கு நான் சோறு போடுறேன், ஒனக்கு என்னா'ன்னு ஏசுறாங்க. நான் என்னா செய்ய?"

"தனியாவா வந்தாங்க?"

அய்யாவு வாளியைத் திருப்பிக் கவிழ்த்தார். "கூட ஆள் இருந்துச்சி. நான் சரியாப் பாக்கல."

செசிலியா காரிலிருந்து ஒரு கறுப்புக் குப்பைப் பை எடுத்து வந்தாள். இலையைச் சோற்றோடு சுருட்டிப் பைக்குள் போட்டாள். மாலையை அறுத்துப் போட்டாள். ஸ்டவுட் டின்னைப் போட்டாள். சிலுவையைத் தன் கைக்குட்டையால் தேய்த்தாள். திருநீறு போனது. குங்குமம் போகவில்லை, தேய்க்கத் தேய்க்க மரத்துக்குள் இறங்கி இளஞ்சிவப்பாகப் பரவியது. சாய டின்னைத் திறக்கக்கூடப் பொறுமையில்லை. பையை முடிந்து காரில் போட்டுக்கொண்டு நேராகக் கேரி தீவுக்கு ஓட்டினாள்.

தீவுக்குப் போகும் பாலத்தைத் தாண்டினால் இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள்தான். மூடிய காருக்குள் கறியும் பீரும் கலந்து நாறியது. கண்ணாடியை இறக்கினாள். என்னென்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தாள். தனலெட்சுமியின் வீட்டு வாசலில் வரிசையாகச் செருப்புகளைப் பார்த்ததும் அடுக்கியதெல்லாம் கலைந்து கோபம் மட்டும்தான் மிஞ்சியது.

வீடு நிறைய ஆட்கள். இறந்துபோன அம்மா அப்பாவுக்குப் படைக்க ஹாலில் படங்களைத் துடைத்து வைத்திருந்தார்கள். தனலெட்சுமி வாசலிலேயே ஒரு முக்காலியில் உட்கார்ந்து வெற்றிலையை அடுக்கிக்கொண்டிருந்தாள். அறுபதைத் தாண்டிய, ஒடிசலான, நிமிர்ந்த உடம்பு. காரிலிருந்து இறங்கி வருகிறவளைப் பார்த்தாள், எழுந்திருக்கவில்லை.

செசிலியா பையின் முடிச்சை அவிழ்த்துத் தலைகீழாகப் பிடித்தாள். சோறும் கறியும் மண்ணும் செவ்வந்தியும் சிமெண்ட் தரையில் கொட்டின. ஸ்டவுட் டின் உருண்டு போய்ச் செருப்புகளுக்கிடையில் நின்றது.

"ஒங்க சாமான். அங்க மறந்து வச்சிட்டு வந்துட்டீங்க."

தனலெட்சுமியின் மகன் அஸ்வின் வாசலுக்கு வந்து நின்றான்.

"சோத்தத் தரையில கொட்டுறியா?" என்றாள் தனலெட்சுமி. குரல் உயரவில்லை.

"கல்லறையில கொட்டுனது யாரு?"

"நான் கொட்டல. போட்டேன். தண்ணி தெளிச்சி, இலை விரிச்சி, பேரு சொல்லிக் கூப்ட்டுப் போட்டேன். இந்த வருஷம் இந்த வீட்டுல புதுத்துணி கெடையாது, எங்களுக்குப் பலகாரம் கெடையாது, பட்டாசு கெடையாது. அப்பா அம்மாவுக்கு வழக்கமா வக்கிறது, அவனுக்கு ஒரு இலை. அவ்ளோதான் எங்க தீபாவளி. அதையும் அள்ளிட்டு வந்துட்ட."

"சிலுவ மேல குங்குமத்தப் பூசிருக்கீங்க அண்ணி! அது என்னான்னு தெரியுமா ஒங்களுக்கு? உள்ள இருக்குற ஒங்க சாமிப் படத்துல நான் போய்ச் சேத்தப் பூசுனா சும்மா இருப்பீங்களா?"

"ஆன்டி, பாத்துப் பேசுங்க" என்றான் அஸ்வின்.

"நீ சும்மா இரு" என்று அவனைத் தனலெட்சுமியே அடக்கினாள். பிறகு எழுந்து நின்றாள். "நெத்தியில வக்கலாம்னா நெத்தி எங்க இருக்கு? மூஞ்சிய மண்ணப் போட்டு மூடிட்ட. அந்தக் கட்டையில வக்காம நான் எங்க போய் வக்கிறது? எரிச்சிருந்தா எனக்கு ஒரு சொம்பு சாம்பலாச்சும் கெடைச்சிருக்கும். கடல்ல கரைச்சிட்டு, அழுது தீத்துட்டு, ஒன் மூஞ்சியில முழிக்காம இருந்திருப்பேன்."

"அவர் ஜோசப். ஞானஸ்நானம் வாங்குனவரு. எங்க வழக்கப்படிதான் அடக்கம் பண்ணுனோம்."

"ஜோசப்பா? யாரு அவன்? அப்படி ஒருத்தன நான் தூக்கி வளக்கலையே."

"என் பக்கத்துலதான் படுக்கணும்னு அவரே சொன்னாரு. என்கிட்டச் சொன்னாரு. அவர் வாயால."

தனலெட்சுமி சிரித்தாள். சிரிப்பு என்று சொல்ல முடியாது, பல் தெரிந்தது. "என்கிட்ட என்னா சொன்னான் தெரியுமா? போன தீபாவளிக்கி இதே எடத்துல குந்திக்கிட்டு, 'என்னய அப்பாவ எரிச்ச எடத்துலயே எரிச்சிடு க்கா, செசிலியா கிட்ட நான் பேசிக்கிறேன்'னு சொன்னான்."

"பொய்."

"பொய்யின்னா என் கண்ணு ரெண்டும் அவிஞ்சி போவட்டும்."

செசிலியா மறுபடியும் 'பொய்' என்று சொல்ல வாயெடுத்தாள். 'நான் பேசிக்கிறேன்.' அது அவருடைய பேச்சேதான். பள்ளிக்கூடத்தில் பிரச்சினை என்றால் நான் பேசிக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரன் காரை மறித்து நிறுத்தினால் நான் பேசிக்கிறேன். வாழ்நாள் முழுக்க எல்லாரிடமும் அதையே சொல்லி, யாரிடமும் எதையும் பேசாமலே காலத்தை ஓட்டியவர். கல்லறை இடத்தை வாங்கிய அன்றைக்குத் தன்னிடம் சொன்னதும் அதே சொற்கள்தான் என்பது அவளுக்கு நினைவு வந்தது. 'அக்கா கிட்ட நான் பேசிக்கிறேன்.'

"ம்மா."

குரல் கேட்டு நிமிர்ந்தாள். அஸ்வினுக்குப் பின்னாலிருந்து பெர்னிஸ் வந்தாள், செசிலியாவின் ஒரே மகள். கோலாலம்பூரில் வேலை, பிரிக்பீல்ட்ஸில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். தீபாவளிக்கு முதல் நாள் ஆபீஸில் ஆள் இல்லை, வேலைக்குப் போக வேண்டும் என்று நேற்றுத்தான் போனில் சொல்லியிருந்தாள். கையில் நறுக்கிய வாழையிலைகள், விரலெல்லாம் மஞ்சள். நெற்றியில் ஒரு கோடு திருநீறு.

"அத்தை பொய் சொல்லல ம்மா. நானும் அன்னிக்கி இங்கதான் இருந்தேன்."

"நீ இன்னிக்கி வேலைக்குப் போறேன்னு சொன்ன."

"லீவு போட்டேன்."

"கல்லறைக்கும் நீதான் போனியா?"

"நான்தான் கார் ஓட்டிட்டுப் போனேன். ஸ்டவுட்டு நான்தான் வாங்குனேன்." பெர்னிஸ் பார்வையைத் திருப்பவில்லை. "அப்பாவுக்குப் புடிச்சது ம்மா. அதுல என்னா தப்பு?"

"நெத்திய அழி."

"ம்மா..."

"அழின்னு சொல்றேன்ல!"

"மாட்டேன்."

செசிலியா இரண்டு எட்டு முன்னால் வந்து கையை நீட்டினாள். பெர்னிஸ் பின்வாங்கி அத்தையின் தோளுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். அந்த ஒரு அசைவு போதுமாக இருந்தது. கொட்டிய சோறு, சிலுவை, குங்குமம் எல்லாம் அதற்கு முன்னால் சின்னதாகப் போய்விட்டன.

"சரி" என்றாள் செசிலியா. "அங்கேயே இரு. சனிக்கிழம கல்லறப் பக்கம் ஒருத்தரும் வரக் கூடாது. இவங்களும் வரக் கூடாது, நீயும் வரக் கூடாது."

"வருவேன்" என்றாள் தனலெட்சுமி. "நீ என்னா, அந்த மண்ணுக்குக் காவலா?"

காரைப் பின்னால் எடுக்கும்போது கண்ணாடியில் பார்த்தாள். பெர்னிஸ் தரையில் குந்தி, கொட்டிக் கிடந்த சோற்றைக் கையால் அள்ளி ஒரு தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். செம்பனைக் காடு முழுவதும் செசிலியா அழுதுகொண்டே ஓட்டினாள். துக்கத்தால் என்று பார்க்கிறவர்கள் நினைத்திருக்கலாம். அவளுக்கு ஆத்திரம்தான்.

மறுநாள் தீபாவளி. அவள் வீடு இருந்த பண்டமாரானில் விடிந்ததிலிருந்து வெடிச் சத்தம். பக்கத்து வீட்டு லெட்சுமி ஒரு தட்டில் முறுக்கும் நெய்யுருண்டையும் கொண்டுவந்து கேட்டருகில் நின்றாள். கமலநாதன் இருந்தவரை அந்தத் தட்டை அவர்தான் ஓடிப்போய் வாங்குவார், வாங்கும்போதே ஒன்றை எடுத்துக் கடித்துவிடுவார்.

"இந்த வீட்டுல தீபாவளி இல்ல" என்று செசிலியா கேட்டைத் திறக்காமலே சொன்னாள்.

"தெரியும் லா. சும்மா சாப்பிடத்தானே..."

"வேணாம் லெட்சுமி. கொண்டு போ."

லெட்சுமி முகம் சுண்டித் திரும்பிப் போனாள். செசிலியா கோயிலுக்குப் போன் செய்து ஃபாதரிடம் பேசினாள். நாத்தனாரைச் சனிக்கிழமை உள்ளே விடக் கூடாது, வாசலில் ஆள் போடுங்கள் என்றாள். ஃபாதர் வயதில் சின்னவர், ரவாங்கிலிருந்து மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

"அன்னிக்கி எல்லாரும் வருவாங்க ஆன்டி. யாரு எவருன்னு கேட்டுக் கேட்டு விட முடியாதே. சாவு வீட்டுக்காரங்களத் தடுக்குறதும் நல்லா இருக்காது."

"சாவு வீட்டுக்காரி நான் ஃபாதர்."

"அது சரிதான்" என்றார் அவர், சங்கடத்தோடு.

சனிக்கிழமை மழை பெய்து ஓய்ந்திருந்தது. மாலை வெயில் வந்தபோது கல்லறைத் தோட்டம் திருவிழாக் கூட்டமாக இருந்தது. தமிழர்கள், சீனர்கள், பிலிப்பினோக்கள் என்று குடும்பம் குடும்பமாகக் கல்லறைகளைச் சுற்றி நின்றார்கள். எங்கே பார்த்தாலும் மெழுகுவத்தி, ரோஜா, ஈர மண். செசிலியா மதியமே வந்து சிலுவைக்கு இரண்டு தடவை சாயம் அடித்திருந்தாள். இளஞ்சிவப்பு மறைந்துவிட்டது. மேட்டின் நான்கு ஓரத்திலும் மெழுகுவத்திகளை ஊன்றிவிட்டு, கல்லறையின் தலைமாட்டில் கறுப்புச் சேலையில் நின்றாள். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் மகள் எங்கே என்று கேட்டார்கள். வேலை என்றாள்.

தனலெட்சுமி வருவதைத் தூரத்திலேயே பார்த்தாள். வெளிறிய நூல் சேலை, கையில் ஒரு எவர்சில்வர் சொம்பு. பின்னால் பெர்னிஸ். கூட்டம் விலகி வழிவிட்டது. தனலெட்சுமி நேராக மண்மேட்டின் கால்மாட்டுக்கு வந்து நின்றாள்.

"சண்டைக்கி வரல" என்றாள். "ஒரு பிடி மண்ணு எடுத்துக்கிறேன். அவன் மேல கெடக்குற மண்ணு. அதக் கடல்ல கரைச்சிட்டு அவன் காரியத்த முடிச்சிடுறேன். அப்பறம் நீ கூப்ட்டாலும் இங்க வர மாட்டேன்."

"தர மாட்டேன்."

"ஒரு பிடி மண்ணு செசிலியா."

"இது மந்திரிச்ச மண்ணு. ஒங்க கடல்ல கொண்டு போய்ப் போடுறதுக்கு இல்ல. கோயிலுக்கு வெளிய நின்னு புழுவு புழுவுன்னு கத்துனீங்கள்ல? அந்தப் புழுவு இருக்குற மண்ணு இப்ப எதுக்கு?"

தனலெட்சுமி குனிந்தாள். மெழுகுவத்தி ஒன்றைத் தள்ளிவிட்டு ஈர மண்ணில் விரல்களை நுழைத்தாள். செசிலியா பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். இரண்டு பேரும் மண்மேட்டின் மேல் முழங்காலிட்டு இழுத்துக்கொண்டார்கள். சொம்பு உருண்டது. தனலெட்சுமி மூடிய கையைத் திறக்கவில்லை. செசிலியா அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிரிக்கப் பிரிக்க அவள் மறுபடி மூடினாள். யாரோ "ஐயோ, விடுங்க" என்றார்கள். யாரும் கிட்டே வரவில்லை.

"ம்மா, விடு! கை ஒடஞ்சிடும், விடு!" பெர்னிஸ் அம்மாவின் கையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள்.

செசிலியா திரும்பி அவள் கன்னத்தில் அறைந்தாள்.

சேறு அப்பிய கை. பெர்னிஸின் கன்னத்தில் ஐந்து விரலும் மண்ணாகப் பதிந்தது. அவள் அழவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் செசிலியா தன் கைகளைப் பார்த்தாள். அதற்குள் தனலெட்சுமி எழுந்து சொம்பைத் தேடி எடுத்து, கையிலிருந்த மண்ணை அதில் போட்டுவிட்டாள்.

பாட்டுக் குழு பக்கத்து வரிசைக்கு வந்திருந்தது. ஃபாதர் தீர்த்தச் செம்போடு இந்தக் கல்லறைக்கு முன்னால் வந்து நின்றார். சாய்ந்த மெழுகுவத்தி, குதறிய மண், சேறு படிந்த மூன்று பெண்கள். அவர் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். செசிலியா போனில் சொன்னது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

"இறந்தவர் பேரு?"

"ஜோசப்" என்றாள் செசிலியா.

"கமலநாதன்" என்றாள் தனலெட்சுமி, பின்னாலிருந்து.

ஃபாதர் ஒருத்தியைப் பார்த்தார், பிறகு மற்றவளைப் பார்த்தார். பின்னால் இன்னும் எத்தனையோ குடும்பங்கள் காத்திருந்தன, இருட்டுவதற்குள் முடிக்க வேண்டும். "ஜோசப் கமலநாதன்" என்று சேர்த்துச் சொல்லிச் செபத்தை வேகமாக வாசித்து, தீர்த்தத்தை வீசினார். சிலுவையில் விழுந்தது, மண்ணில் விழுந்தது, மூன்று பேர் மேலும் விழுந்தது. தனலெட்சுமி முகத்தைத் துடைக்காமல் சொம்பை முந்தானையால் மூடிக்கொண்டு நடந்தாள். பெர்னிஸ் அவள் பின்னால் போனாள்.

அதற்குப் பிறகு பெர்னிஸ் போன் எடுக்கவில்லை. கிறிஸ்மஸுக்கு முந்திய அட்வெந்து காலம் தொடங்கிய வாரத்தில் செசிலியா ரயிலேறிப் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனாள். மகள் தங்கியிருந்த கட்டடத்தின் கீழே ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. வேலை முடிந்து வருகிறவளைப் பார்க்க வசதியாகத் தெருவைப் பார்த்த மேசையில் உட்கார்ந்துகொண்டாள். பெர்னிஸ் வந்தாள், பார்த்தாள், கொஞ்ச நேரம் நின்றுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"கிறிஸ்மஸுக்கு வருவியா?"

"வர மாட்டேன்."

"அத்தை வீட்டுக்கா?"

"எங்கயும் இல்ல. ஃப்ரெண்ட்ஸோட பினாங்கு போறேன்."

செசிலியா இரண்டு டீ சொன்னாள். அறைந்ததைப் பற்றிப் பேசத்தான் வந்திருந்தாள்.

"அந்த மண்ண என்னா பண்ணுனாங்க?"

"மோரிப் கடல்ல கரைச்சோம். ஐயர் வந்தாரு. அத்தை ரொம்ப நேரம் தண்ணியிலயே நின்னாங்க." பெர்னிஸ் டீயைத் தொடவில்லை. "ஒண்ணு கேக்கவா ம்மா? அப்பா ஒங்ககிட்ட ஒண்ணு சொன்னாரு, அத்தை கிட்ட ஒண்ணு சொன்னாரு. ரெண்டு பேருக்கும் தெரிஞ்சி போச்சி. அப்பறமும் ஒருத்தர ஒருத்தர்தான் கடிக்கிறீங்க. அவர் மேல ஒங்களுக்குக் கோவமே வரலையா?"

"செத்தவர் மேல என்னா கோவம்?"

"எனக்கு வருது. அந்தத் தீபாவளிக்கி அத்தை வீட்டுலேருந்து திரும்புறப்ப கார்ல அப்பா கிட்டக் கேட்டேன். 'ஏன் ப்பா அத்தை கிட்ட அப்படிச் சொன்னீங்க? அம்மா இடம் வாங்கிட்டாங்களே'ன்னேன். என்னா சொன்னாரு தெரியுமா? சிரிச்சாரு. 'அப்ப நான் இருக்கப் போறதில்ல. அவங்க ரெண்டு பேரும் அடிச்சிக்கட்டும்'னாரு."

தெருவில் பேருந்து ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. செசிலியாவுக்கு அந்தச் சிரிப்பு அப்படியே காதில் கேட்டது. தலையைப் பின்னால் சாய்த்து, வயிறு குலுங்க, உலகத்தில் யாருக்கும் எந்தத் தொல்லையும் தராத மனுஷன் மாதிரி சிரிப்பார். கல்யாணம் ஆனதிலிருந்து அக்காவின் வசவை அவள் வாங்கினாள். சாவன்றைக்கு ஊர் முன்னால் தலைகுனிந்தாள். மகளை அடித்தாள். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

"அத அத்தை கிட்டச் சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத" என்றாள் செசிலியா. தனலெட்சுமிக்காக அவள் ஏதாவது செய்தது அதுதான் முதல் தடவை. அதை அவள் உணர்ந்தாள், உணர்ந்ததும் எரிச்சல் வந்தது. டீயைக் குடித்து முடித்தாள். அறைந்ததற்கு வருத்தம் என்று கடைசிவரை சொல்லவில்லை. பெர்னிஸும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. எழுந்து, "பத்திரமா போங்க" என்று சொல்லிவிட்டுப் படியேறினாள்.

சாவுக்கு ஒரு வருஷம் முடிந்ததும் செசிலியா கல்லறையைக் கட்டினாள். ஒரு பிடி மண்கூட வெளியே தெரியாதபடி ஓரத்திலிருந்து ஓரம்வரை சிமெண்ட் போட்டு, மேலே சாம்பல் நிறப் பளிங்கு. கல் வெட்டுகிறவர் என்ன பெயர் என்று கேட்டதற்கு, ஜோசப் என்று மட்டும் போடச் சொன்னாள். வீட்டில் கமலநாதனின் படத்தைக் கழற்றி அலமாரிக்குள் வைத்தாள். ஒரு மாதம் கழித்துத் திரும்ப மாட்டினாள். மாட்டிவிட்டு அதைப் பார்த்து, "வாயில நல்லா வருது" என்றாள்.

அந்த வருஷம் தீபாவளி கல்லறைத் திருநாளுக்கு ரொம்ப முன்னாடியே வந்துவிட்டது. அதற்கு முதல் நாள் செசிலியா லீவு எடுக்கவில்லை. கிளினிக்கில் கூட்டம். காலையில் அய்யாவு போன் செய்தார்.

"அக்கா, அவங்க வந்திருக்காங்க. பளிங்கு மேலயே இலை போட்டுட்டாங்க. போன வருஷம் மாதிரியே எல்லாம் இருக்கு. எடுக்கச் சொல்லவா?"

முகப்பு மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு சீனக் கிழவர் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தன பேரு?"

"ரெண்டு பேரு. ஒங்க மகளும்தான். குந்திருக்காங்க."

"பேசிக்கிட்டு இருக்காங்களா?"

"இல்ல க்கா. சும்மா குந்திருக்காங்க."

செசிலியா பேனாவைக் கீழே வைத்தாள். போய்க் கத்தினால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. கார் சாவி மேசை மேலேயே இருந்தது. பளிங்கின் மேல் எண்ணெய் இறங்குவதும், சூடத்தின் கரி படிவதும் கண்ணுக்குத் தெரிந்தது.

"அவங்க போற வரைக்கும் ஒண்ணும் செய்யாதீங்க" என்றாள். "போனதும் எடுத்துப் போட்டுட்டு, சோப்புப் போட்டு நல்லாத் தேய்ச்சிக் கழுவுங்க அண்ணே. கறை கிறை இருந்துச்சி, ஒங்களச் சும்மா விட மாட்டேன்."

"சரி க்கா. அவங்ககிட்ட எதாச்சும் சொல்லணுமா?"

"ஒண்ணும் சொல்ல வேணாம்."

போனை வைத்துவிட்டுக் கிழவரை உள்ளே போகச் சொன்னாள்.